கொல்லைப்புறத்திற்கு ஒரு பசுந்திரை

உங்கள் இல்லத்தின் கொல்லைப்புறத்தில் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். எத்தனை சன்னல்கள், எத்தனை பால்கனிகள், எத்தனை மொட்டை மாடிகள் உங்களை நோக்கியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே இடத்தில் நின்று எண்ணியிருப்பீர்களாயின் வானமும் நாலைந்து தென்னை மரங்களுமே கண்ணிற் பட்டிருக்கும். இன்று நிலைமை அவ்வாறில்லை. ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. மதிற்சுவர் அப்படியே இருக்கின்றது. ஆனால் மறைவு போய்விட்டது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளைக் கட்டிய பெரியவர்கள் இதனை எவ்வளவு நுட்பமாகச் சிந்தித்திருக்கின்றனர் என்பதை அவ்வூர்களுக்குச் சென்றவர்கள் அறிவார்கள். பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளின் பின்புறமாகச் செல்லும் குறுகிய சந்துகள், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத முற்றம், அதற்கும் அப்பால் கிணறும் துவைகல்லும் கொடிக்கயிறும் உள்ள கொல்லை. ஆண்களுக்குத் திண்ணையும் பள்ளிவாசலும் கடைத்தெருவும் இருந்தன. பெண்களுக்குக் காற்றும் வெயிலும் கிடைத்த இடம் கொல்லையே. அங்கேதான் அரிசி புடைத்தார்கள், மீன் ஆய்ந்தார்கள், மருதாணி அரைத்தார்கள், அசருக்குப் பின்னர் காலை நீட்டி அமர்ந்து அண்டை வீட்டாரோடு பேசினார்கள். அந்த இடம் பறிபோவது சிறிய இழப்பு அன்று.

எங்கள் வீட்டில் அது 2013ஆம் ஆண்டில் பறிபோயிற்று. கீழண்டை வீட்டார் மாடி கட்டினர். அது அவர்களுடைய உரிமை. அவர்கள்மீது குறை கூறுவதற்கு ஏதுமில்லை. ஆனால் அம்மாடியின் பால்கனி எங்கள் கிணற்றடிக்கு நேராக அமைந்துவிட்டது. அப்பொழுது நான் வளைகுடாவில் பணியிலிருந்தேன். விடுமுறையில் வந்தபோது, 70 வயதைக் கடந்த என் உம்மா, மாலைவேளையில் கொல்லைக்குச் செல்லாமல் அடுக்களை வாயிற்படியிலேயே அமர்ந்திருப்பதைக் கண்டேன். "ஏன் உம்மா, உள்ளேயே இருக்கிய?" என்று கேட்டேன். "அங்கே போனா முக்காட்டை இழுத்து இழுத்தே கை வலிக்குது வாப்பா" என்று மட்டும் சொன்னார்கள். வேறு புகார் எதுவும் சொல்லவில்லை.

மதிலை உயர்த்தலாமா என்று முதலில் எண்ணினோம். 12 அடி உயரத்திற்கு மதில் எழுப்பினால் செலவு ஒருபுறமிருக்க, இராமநாதபுரக் கடற்கரையில் வீட்டைக் குளிர்விக்கும் கடற்காற்று நின்றுபோகும். பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய சுவர் இரவு முழுதும் அனலை வீசும். தகரத் தட்டி அடித்தால் ஒரே புயற்காற்றில் அது அடுத்த தெருவுக்குப் பறந்துவிடும். மரமே தகுந்தது என்று முடிவு செய்தோம். முடிவு சரியானதுதான், தேர்ந்தெடுத்த மரம்தான் தவறானது. அதனால் நாங்கள் இழந்தது ஆறு ஆண்டுகள். நீங்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

வளைகுடாவிலிருந்து வந்த ஆசை

துபாய், ஷார்ஜா, மஸ்கட், குவைத் எங்கு வாழ்ந்தவராயினும் அங்குள்ள வீடுகளின் மதிலையொட்டிக் கரும்பச்சை நிறத்தில் சுவர்போல் நிற்கும் அந்த மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அமீரகத்தில் அதனை டமாஸ் என்பர். கோனோகார்ப்பஸ் என்பது அதன் தாவரவியற் பெயர். சோமாலியா, யேமன் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இனம் அது. கொதிக்கும் மணலிலும் தழைக்கும். எப்படி வெட்டினாலும் துளிர்க்கும். பாலைவனத்திலேயே வளர்கின்ற மரம் நம் ஊரிலா வளராது என்று எண்ணி, 2014இல் ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து 20 கன்றுகள் வாங்கி மதிலோரமாக நட்டேன். மூன்றே ஆண்டுகளில் 20 அடி உயரத்திற்கு எழுந்தது பசுஞ்சுவர். உம்மா மீண்டும் கிணற்றடிக்கு வந்தார்கள். ஊரார் பலரும் வந்து பார்த்துவிட்டுக் கன்று கேட்டனர். நானும் பெருமையோடு முகவரி கொடுத்தேன். அதனை எண்ணினால் இன்றும் நாணமாக இருக்கின்றது.

ஐந்தாம் ஆண்டில் கழிவறை நீர் வெளியேறாமல் நின்றது. குழாயைத் தோண்டி எடுத்தபோது அதனுள்ளே இருந்தது அடைப்பு அன்று, வேர். பெண்களின் சடைப்பின்னல்போல் திரண்டு, குழாயின் வடிவத்திலேயே வார்த்தெடுத்தாற்போல் பத்தடி நீளத்திற்கு உருவி வந்தது. கழிவுநீர்த் தொட்டியின் சுவரில் விரிசல். அண்டை வீட்டாரின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியிலும் நூல்போன்ற வேர்கள் இறங்கியிருந்தன. அவர்கள் ஒரு சொல்லும் கடுமையாகப் பேசவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. தொட்டியைச் சரிசெய்யும் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டு, 2019இல் 20 மரங்களையும் வெட்டினோம். வெட்டிய கட்டைகள் மறுபடியும் துளிர்த்தன. ஒவ்வொன்றாக வேரோடு தோண்டியெடுக்க ஆள்கூலி கொடுத்து முடிந்தபோது, உம்மா மீண்டும் அடுக்களை வாயிற்படிக்கே திரும்பியிருந்தார்கள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. குழாய்களையும் கட்டடங்களையும் இம்மரத்தின் வேர்கள் பாழாக்குவதாகக் குவைத்திலும் ஈராக்கிலும் நெடுங்காலமாகவே முறையீடுகள் உண்டு. குஜராத் அரசு 2023இல் இதனை நடுவதற்குத் தடை விதித்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசும் தடை செய்தது. அதன் மகரந்தம் ஒவ்வாமையை உண்டாக்குவதும் அத்தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆயினும் வேறு பெயர் சொல்லி விற்பவர்கள் இருக்கக்கூடும். கன்று வாங்கும்போது "மூன்று ஆண்டில் சுவர்போல் எழும், தண்ணீரே வேண்டாம்" என்று யாரேனும் சொன்னால் இரண்டுமுறை யோசியுங்கள். தண்ணீரே வேண்டாத மரம் என்று ஒன்று உலகில் இல்லை. நாம் ஊற்றாவிட்டால் அது தேடிச் சென்று குடிக்கும். அருகில் எளிதாகக் கிடைப்பது கழிவுநீர்க் குழாய்தான்.

நம் மாவட்டத்துச் சீமைக் கருவேலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன குணங்கள் அனைத்தும் அதற்கும் உண்டு. விறகுக்கும் கரிக்கும் பயன்பட்டு எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கண்மாயையும் வயலையும் அது விழுங்கியதை நாம் கண்ணாரக் கண்டோம். அதனை அகற்றக் கோரிய வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுகளும் உங்களுக்கு நினைவிருக்கும். கொல்லையில் தானாக முளைத்திருப்பினும் விட்டுவைக்காதீர்கள்.

எவ்வளவு உயரம் வேண்டும்?

இரண்டாம் முறை நடுவதற்கு முன்னர், தோட்ட வேலையில் பழுத்த ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். அவர் செடியின் பெயரையே எடுக்கவில்லை. "தம்பி, ஒரு நீண்ட மூங்கிற்கழியும் ஒரு வெள்ளைத் துண்டும் கொண்டு வாங்க" என்றார். கழியின் நுனியில் துண்டைக் கட்டி, நட எண்ணிய இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு, "பக்கத்து வீட்டு மாடியில போய் நின்னு பாக்கணும், அவங்ககிட்ட கேளுங்க" என்றார். எனக்குத் தயக்கமாக இருந்தது. கேட்டேன். அண்டை வீட்டு ஐயா தாமே என்னோடு பால்கனிக்கு வந்தார். கீழே எங்கள் கிணறு, துவைகல், கொடியில் காயும் துணிகள், உம்மா அமரும் முக்காலி எல்லாம் கையெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தெரிந்தன. அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். "இவ்வளவு தெரியும்னு நான் நினைச்சுப் பாக்கலீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார். மறுவாரம் அந்தப் பால்கனியின் கம்பித் தடுப்பில் மூங்கில் தட்டி கட்டப்பட்டிருந்தது. நாங்கள் கேட்கவில்லை.

கழியினால் நாங்கள் அறிந்துகொண்ட கணக்கு இதுதான். மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 16 அடி உயரத்தில் இருக்கும். எங்கள் பால்கனி மதிலுக்கு அப்பால் 10 அடியிலும், துவைகல் மதிலுக்கு இப்பால் 15 அடியிலும் உள்ளன. துவைகல்லருகே 5 அடி உயரமுள்ள பெண்மணி நின்றால், மதிலிலிருந்து 3 அடி தள்ளி நிற்கும் செடி பத்தரையடி உயரம் இருந்தாலே அவர் மறைந்துவிடுவார். அதே செடியை மதிலிலிருந்து 8 அடி உள்ளே தள்ளி, அதாவது துவைகல்லுக்கு நெருக்கமாக நட்டால் எட்டடி சொச்சமே போதும். மறைக்க வேண்டிய ஆளுக்குத் திரை நெருங்க நெருங்க அதன் உயரம் குறையும். இதனை அறியாமல்தான் 20 அடி, 30 அடி மரங்களை மதிலை முட்டி நடுகின்றோம். 30 அடி மரத்திற்கு 30 அடிக்கு ஏற்ற வேரும் இருக்கும் என்பதை மறந்துவிடுகின்றோம்.

ஆகவே கொல்லை முழுவதையும் மறைக்க வேண்டுமென்று எண்ணாதீர்கள். எந்த இடத்தில் பெண்கள் நிற்பார்கள், அமர்வார்கள் என்று பார்த்து அந்த இடத்திற்குத் திரையிடுங்கள். தரைமட்டத்திலிருந்து வரும் பார்வைக்கு ஏழடிச் செடிவேலியே மிகுதி.

எந்தச் செடி, எந்த மரம்?

இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்து தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் உப்புக்காற்றும் உவர்க்கிணறும்தான். இந்நிலத்தில் வாழ வேண்டிய செடிக்கு வறட்சியைத் தாங்கும் வலிமை மட்டும் போதாது. உப்பையும் தாங்க வேண்டும். திரையாகப் பயன்பட வேண்டுமாயின் கோடையில் இலையுதிர்க்கவும் கூடாது, அடிமுதல் அடர்ந்திருக்கவும் வேண்டும். இத்தனை நிபந்தனைகளையும் ஒருசேரப் பார்ப்பவர் சிலரே.

வேப்பமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வறட்சி தாங்கும் திறனுக்குச் சான்று வேண்டுமாயின், ஹஜ்ஜுக்குச் சென்றவர்களைக் கேளுங்கள். அரஃபாத் பெருவெளியில் ஹாஜிகளுக்கு நிழல் தருபவை நம் ஊர் வேம்புகளே. 1980களில் அங்கே ஏறத்தாழ 50,000 வேம்புகள் நடப்பட்டன. ஆனால் வேம்பு நிழல்மரம், திரைமரம் அன்று. அதன் தலை உயரத்தில் இருக்கும். கண்மட்டத்தில் வெறும் அடிமரமே நிற்கும். வீட்டுக்கு 15 அடி தள்ளி ஒன்று வையுங்கள், போதும். புங்கமும் உப்புக்கு அஞ்சாத நல்ல நிழல்மரம். அதற்கும் இதே சொல்தான். கிளுவைப் போத்தைச் செலவில்லாத உயிர்வேலியாகக் கொங்கு நாட்டில் காடுதோறும் நட்டிருக்கக் காணலாம்; ஆனால் நமக்குத் திரை வேண்டிய கோடையில்தான் அது இலைகளைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். நெட்டிலிங்கம் அழகாக ஓங்கி நிற்கும். நல்ல மண்ணும் நல்ல நீரும் உள்ள ஊர்களில் வையுங்கள். உவர்நீர் ஊற்றினால் இலைநுனி கருகி, துடைப்பக்கட்டைபோல் ஆகிவிடும். மூங்கிலும் அவ்வாறே. சவுக்கு மணற்பாங்கான கடலோரத்தில் விரைந்து எழும், கத்தரித்தால் வேலியாகவும் நிற்கும். உதிரும் ஊசியிலை மெத்தைபோல் படிந்து வேறெதையும் முளைக்கவிடாது என்பதும், நீண்ட ஆயுள் அதற்கில்லை என்பதும் குறைகள்.

அரளியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். எந்த வறட்சியிலும் பசுமை மாறாது, பூவும் பூக்கும் என்பதனால் நெடுஞ்சாலைகளின் நடுவே வரிசையாக நிற்கின்றது. வீட்டுக்கு அது வேண்டாம். செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டிலும் இலை, பூ, விதை யாவும் நஞ்சு. தவழும் குழந்தையும், குர்பானிக்கென்று வாங்கிக் கட்டிய ஆடும் உலவும் கொல்லையில் அதற்கு இடமில்லை. திருகுகள்ளியின் பால் கண்ணிற் பட்டால் பெருந்துன்பம். அதுவும் வேண்டாம்.

இனி, வேண்டியவை. முதலிடம் நான் களாவுக்கே தருவேன். களாக்காய் ஊறுகாய் உண்டிருப்பீர்கள். செடியைப் பலர் கண்டிருக்க மாட்டார்கள். பளபளக்கும் தடித்த இலை, என்றும் மாறாத பசுமை, அடியிலிருந்தே கிளைக்கும் இயல்பு, பூனைகூட நுழைய இயலாத முள். எட்டு முதல் பத்தடி உயரம் வரும். முதல் ஓராண்டு வளர்வதாகவே தெரியாது. அப்பொழுது வேரை இறக்கிக்கொண்டிருக்கும், பொறுத்திருங்கள். அடுத்தது விராலி. செம்மண் மேட்டிலும் பாறையிடுக்கிலும் தானே வளரும் இச்செடியை ஆடு தொடாது. நெருக்கமாக நட்டுக் கத்தரித்துவந்தால் இரண்டு ஆண்டில் தலையை மறைக்கும். கொடுக்காப்புளி, முள்ளும் கனியும் ஒருங்கே தருவது. மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்த மரமாயினும் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துத் தின்பண்டமாகி எத்தனையோ தலைமுறையாகிவிட்டது. உப்பையும் வறட்சியையும் தாங்கும். வெட்ட வெட்ட அடரும். ஆனால் வெட்டாமல் விட்டால் 40 அடி வளர்ந்துவிடும். சோம்பல் உள்ள வீட்டுக்கு ஆகாது.

பூவரசு கடற்கரைக்கென்றே படைக்கப்பட்டதுபோன்ற மரம். அதன் விதை கடல்நீரில் மிதந்து சென்று கரைசேர்ந்து முளைக்கும் எனின் உப்பு அதனை என்ன செய்யும்? கைம்மொத்தப் போத்தை ஆறடி நீளத்தில் வெட்டி, மழைக்காலத்தில் ஊன்றினால் வேர்பிடிக்கும். நட்ட அன்றே ஆறடி உயரம் கிடைத்துவிடுவது இதன் சிறப்பு. வேர் வலியது, குழாய்களுக்கும் தொட்டிக்கும் 15 அடிக்குள் நடாதீர்கள்.

மருதாணியை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. பெருநாளுக்கு முதல் நாள் தெருவே தேடி வருகின்ற செடி அது. ஆனால் அது 10 அடிக்கு மேல் வளரும் அருமையான வேலிச்செடி என்பதைப் பலர் மறந்துவிட்டனர். குச்சியை ஒடித்து நட்டாலே போதும். நீர் தேங்கினால்தான் சாகுமேயன்றி நீரின்மையால் சாவது அரிது. மாலையில் பூவின் மணம் வீட்டுக்குள் வரும். இளஞ்செடியாயிருக்கும்போதே தலையைக் கிள்ளிவிடாவிட்டால் அடி மெலிந்து போகும் என்பதொன்றே குறை.

இறுதியாக ஒன்று. இதைச் சொல்லும்போது என் குரலில் சிறிது ஆசை கலந்திருப்பதை நீங்கள் உணரக்கூடும். உகாய் மரம். நாம் கடையில் காசு கொடுத்து வாங்கும் மிஸ்வாக் குச்சி இம்மரத்தினுடையதே; அரபு நாட்டார் இதனை அராக் என்பர். அங்கிருந்து வரும் அரும்பொருள் என்று எண்ணியிருக்கின்றோம். நம் இராமநாதபுரக் கடற்கரையின் களர்நிலங்களிலும் அது தானாகவே வளர்கின்றது. கிளைகள் தரையைத் தொடுமாறு தாழ்ந்து, குடைபோல் கவிந்து, ஆண்டு முழுவதும் பசுமையாய் நிற்கும். உவர்மண்ணில் அதற்கு நிகரில்லை. மிகமெல்ல வளரும் என்பதாலும், ஆடுகளுக்கு அதன் தழை உவப்பு என்பதாலும் இளமையில் காவல் வேண்டும். நாற்றுப் பண்ணைகளில் எளிதிற் கிடைக்காது. பழுத்த கனியிலிருந்து விதையெடுத்து உடனே ஊன்ற வேண்டும், வைத்திருந்தால் முளைப்புத்திறன் குறையும்.

இவற்றுள் ஒன்றையே வரிசையாக நடாதீர்கள். ஒரு பூச்சியோ நோயோ வந்தால் திரை முழுவதும் ஒருநாளிற் போய்விடும். எங்கள் கீழ்மதில் 50 அடி நீளம். வடகோடியில் கழிவுநீர்த் தொட்டி இருப்பதால் அங்கே மருதாணியும் ஆடாதொடையும் மட்டும். நடுவில், துவைகல்லுக்கு எதிரே, களாவும் விராலியும் மாற்றி மாற்றி. தென்கோடியில் இரண்டு பூவரசு, மூலையில் ஓர் உகாய். 30 செடிகளில் முதலாண்டில் நான்கு பட்டுப்போயின. மறுமழையில் அவற்றை ஈடுசெய்தோம்.

நடவும் நீரும்

ஐப்பசி பிறந்து முதல் நல்ல மழை பெய்து நிலம் குளிர்ந்ததும் நடுங்கள். ஆடியில் நட்டால் எங்கள் பக்கத்தில் இரண்டு மாதம் வீணாக நீர் இறைக்க வேண்டும். பெரிய கன்று வாங்கினால் விரைவில் மறைக்கும் என்பது பொய்க்கணக்கு. பல மாதம் பையிலேயே இருந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும். சுருண்ட வேர் ஆழம் செல்லாது. ஆழம் செல்லாத வேர் வறட்சி தாங்காது. இரண்டடிக் கன்றே போதும். இரண்டடி நீள அகல ஆழத்திற்குக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மட்கிய எருவும் கண்மாய் வண்டலும் கலந்து நிரப்புங்கள். கரையானுக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. செடிக்குச் செடி மூன்றடி விட்டு, இரண்டு வரிசையாக, ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று வருமாறு நட்டால் திரையில் ஓட்டை தெரியாது. முட்டளவு வளர்ந்ததும் நுனியை வெட்டுங்கள். மனம் வராது, ஆயினும் வெட்டுங்கள். அப்பொழுதுதான் பக்கக்கிளை விடும். பின்னாளில் கத்தரிக்கும்போது அடி அகன்றும் தலை குறுகியும் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். தலை அகன்றால் அடிக்கிளைகளுக்கு வெயில் கிட்டாமல் கீழ்ப்பகுதி மொட்டையாகிவிடும்.

முதல் இரண்டு கோடைகளுக்கு நீர் ஊற்றியே ஆகவேண்டும். வறட்சி தாங்கும் மரம் என்பது வேரூன்றிய பின்னரே. எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஐவேளை ஒளுச் செய்ய, ஒருவருக்கு ஒருமுறை 2 லிட்டர் என்று குறைவாகவே கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு 50 லிட்டர், வாரத்திற்கு 350 லிட்டர். செடி ஒன்றுக்கு வாரம் 10 லிட்டர் வீதம் 30 செடிகளுக்குத் தேவை 300 லிட்டர்தான். ஒளுச் செய்யும் மேடையிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, வரிசையின் தலைமாட்டில் ஒரு தொட்டியில் விழுமாறு அமைத்தோம். சோப்பு கலவாத நீர் ஆகையால் செடிக்குக் கேடில்லை. அதிலிருந்து மொண்டு, வாரம் இருமுறை, ஒவ்வொரு செடிக்கும் 5 லிட்டர் ஊற்றினோம். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். உகாய்க்கும் பூவரசுக்கும் மட்டும், அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைப் பக்கத்தில் புதைத்து, நிரப்பி மூடி வைத்தோம். செடியின் அடியில் தென்னை மட்டையைப் பரப்பியதால் ஈரம் காத்தது. மூன்றாம் கோடையில் நீரை நிறுத்தினோம். விராலியில் சில இலைகள் சுருங்கின, மழைக்குத் தெளிந்துவிட்டன.

2020 ஐப்பசியில் நட்டது, 2023இல் துவைகல்லை மறைத்தது. கோனோகார்ப்பஸ் எடுத்துக்கொண்ட காலமும் அதே மூன்று ஆண்டுதான் என்பதைக் கவனியுங்கள். உயரம் பாதிதான், ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்த உயரமும் அவ்வளவே.

நடுகின்ற நாளில் நடந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். கயிறு பிடித்துக் குழிக்கு அடையாளம் வைத்துக்கொண்டிருந்தபோது உம்மா அடுக்களை வாயிற்படியிலிருந்து எழுந்து வந்து, மதிலின் நடுவே ஓரிடத்தைக் காட்டி, "இங்கே மட்டும் ஒரு செடி வைக்காதே வாப்பா" என்றார்கள். அந்த இடத்தில் மதில் சற்றுத் தாழ்வு. நோன்பு மாதத்தில் கஞ்சியும், பொங்கலுக்கு அவர்கள் வீட்டுப் பொங்கலும் கைமாறுவது அவ்விடத்தில்தான். "அங்கே திறந்திருந்தா மாடியிலருந்து தெரியாதா உம்மா?" என்றேன். "மாடிக்குத் தெரியாம இருக்கட்டும். அவ கூப்பிட்டா எனக்குத் தெரியணும்ல?" என்றார்கள்.

பெரியவர் கழியை எடுத்துக்கொண்டு மறுபடியும் அளந்தார். இடைவெளியை மூன்றடியாக விட்டு, அதற்கு நேர் பின்னால், ஐந்தடி உள்ளே தள்ளி, இரண்டு களாவை ஒட்டி நட்டார். மேலிருந்து பார்த்தால் இலை. மதிலோரம் வந்து நிற்பவருக்கு வழி. உங்கள் கொல்லையிலும் அவ்வாறு ஓரிடம் இருக்குமாயின் குழி வெட்டுவதற்கு முன்னரே வீட்டிலுள்ள பெண்களைக் கேட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். செடி வேர்பிடித்த பின்னர் களாவைப் பெயர்த்து நடுவது இயலாது.